தாய் இட்ட கோலம்

வெள்ளைச் சீருடை அணிந்து பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் நாட்களில், செல்வர் வீட்டுப் பிள்ளை யார், வறியவர் வீட்டுப் பிள்ளை யார் என்று பிரித்து அறிதல் எளிதன்று. சீருடையின் சிறப்பே அதுதான். அரசாங்கம் இலவசமாகத் தரும் துணியிலே தைத்த வெண்மைக்குள் எல்லாரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகிவிடுகின்றனர். ஆனால், ஆண்டில் ஒரு நாள் வருகிறது. உயர்தர வகுப்பினருக்குப் பிரியாவிடை அளிக்கும் நாள். அன்று சீருடை இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் சீருடை மறைத்து வைத்திருந்த வேற்றுமையை, அந்த ஒரு மாலைப்பொழுது மேடையேற்றிக் காட்டிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், பாட வேளை முடிந்தபின் மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். கெட்டிக்காரப் பெண். மாத்தளைக்கு அப்பால் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள்.

"டீச்சர், பிரியாவிடைக்கு நான் வரல்லை. பெயரை எடுத்துவிடுங்கள்" என்றாள்.

"ஏன், மகள்?"

"அன்றைக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது."

உயர்தர வகுப்பு மாணவிக்கு மாலை வேளையில் தோட்டத்தில் என்ன வேலை? விசாரித்தபோது உண்மை தெரிந்தது. வகுப்புப் பெண்கள் எல்லாரும் தரையைத் தொடும் நீண்ட கவுண் அணிந்து வருவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலே படங்கள் பார்த்து எடுத்த முடிவு. வாங்குவதென்றால் பெருந்தொகை, ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுப்பதென்றாலும் 8,000 ரூபா. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது ஏறக்குறைய ஒரு கிழமைக் கூலி.

இதைக் கேட்டபோது எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. வாசகர்களிடம் அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவளாக இருந்த காலம். பரிசளிப்பு விழாவுக்குரிய ஒழுங்குகளை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பரிசு பெற வரும் பழைய மாணவிகள் பட்டுப் புடைவை அணிந்து வருதல் வேண்டும் என்று அறிவித்தேன். மேடை அழகாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. விழா அன்று தமிழ்ப் பாடத்தில் முதற் பரிசு பெற்றவளின் பெயரை மூன்று முறை அழைத்தோம். எவரும் எழுந்து வரவில்லை. பொறுப்பற்ற பெண் என்று மனத்துக்குள் கடிந்துகொண்டேன். அவள் வந்திருந்தாள் என்பதையும், நூற்புடைவையுடன் வாயிற்கதவின் வெளியே நின்று, தன் பெயர் மூன்று முறை ஒலிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள் என்பதையும் அவளுடைய தோழி பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் அவள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குரிய பரிசுப் புத்தகம் என் அலமாரியில் தங்கிவிட்டது.

ஆகையால் இம்முறை, "பெயரை எடுக்க மாட்டேன். உன் வீட்டில் என்ன துணி இருக்கிறதோ அதைக் கொண்டு வா" என்றேன்.

மறுநாள் அவள் கொண்டு வந்தது, சந்தன நிறத்தில் கணுக்கால் வரை நீண்ட ஒரு பருத்திச் சட்டை. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா, நடைபாதைக் கடையில் 1,200 ரூபாவுக்கு வாங்கி அனுப்பியது. 1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாள்முதல், நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பெண்கள் அங்கே சென்று உலகத்துக்கு உடை தைத்து வருகிறார்கள். 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நாடெங்கும் அமைக்கும் திட்டம் வந்தபின் இத்தொழில் கிராமங்களுக்கும் பரவிற்று. ஏற்றுமதியில் மிஞ்சியவையும் சிறு குறை கண்டு ஒதுக்கப்பட்டவையும் நடைபாதைக் கடைக்கு வருகின்றன. அக்காவின் பரிசும் அத்தகையதே. இரண்டு அளவு பெரிது. உருவம் எதுவுமில்லை. கோணிப்பை போலத் தொங்கிற்று.

"பெரிதாக இருப்பது நல்லதுதான், வெட்டிக் குறைக்கலாம், இல்லாததைக் கூட்டுவதுதான் கடினம்" என்றார், எங்களுக்கு உதவ முன்வந்த ஓய்வுபெற்ற தையலாசிரியை. அந்த அம்மையார் முதலிற் செய்த காரியம், சட்டையின் உள்மடிப்பிலிருந்து இரண்டு இழையை உருவித் தீக்குச்சியின் சுடரிற் காட்டியது. இழை கடதாசி எரிவது போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாயிற்று. அது பருத்தி. பொலியெஸ்டராக இருந்தால் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகிவிடும். சாதாரண வீட்டுச் சாயங்கள் பருத்தியில் ஏறும்; பொலியெஸ்டரில் ஏறமாட்டா. மலிவான உடை வாங்குவோர் தையலின் நாகரிகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. துணியின் தரத்தைப் பார்த்தாற் போதும். தையலைப் பிரித்துவிடலாம், துணியை மாற்ற முடியாது.

அடுத்து, சட்டை முழுவதையும் தையல் தையலாகப் பிரித்தோம். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தைத்தபடியே சாயத்தில் தோய்த்தால், பொலியெஸ்டர் தையல் நூல் சாயம் ஏற்காமல் வெளிறி நின்று, "நான் பழைய சட்டை" என்று காட்டிக் கொடுத்துவிடும். பிரித்த துண்டுகளைச் சவர்க்காரமிட்டுச் சுடுநீரில் அலசினோம். தொழிற்சாலையில் ஏற்றிய பசை நீங்கினாலன்றிச் சாயம் சீராகப் பற்றாது.

இனி, அந்த வெறுந்துணியை எவ்வாறு அழகு செய்வது? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓரம் முழுவதும் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகத் தேயிலைச் சித்திரம் வரைந்தால் எவ்வளவு பொருத்தம்! நம் மலைநாட்டின் அடையாளமன்றோ! உற்சாகத்தோடு சொன்னேன். மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்:

"டீச்சர், அம்மா விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அதைத்தான் பார்க்கிறாங்க. அன்றைக்கும் அதையே பார்க்க வேண்டுமா?"

நான் வெட்கமுற்றேன். எனக்குச் சித்திரமாகத் தோன்றியது அந்தத் தாய்க்கு முதுகுக் கூடையின் பாரம். ஒருவருடைய உழைப்பை மற்றவர் அலங்காரமாகக் காண்பது எவ்வளவு எளிது!

"உன் அம்மாவுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"கோலம்" என்றாள். "மார்கழி மாதம் எங்கள் லயத்து வாசலில் அம்மா போடும் கோலத்தைப் பார்க்க மேல் லயத்திலிருந்தெல்லாம் வருவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். துணியில் மெழுகினாற் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பதென்று முடிவாயிற்று. பத்திக் எனப்படும் இந்தக் கலை யாவாத் தீவிலே உச்ச நிலை அடைந்தது. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேசியப் பத்திக்கை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் மாத்தளை மக்களுக்கு இது அந்நியமான கலையன்று. நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படும் அவ்வூரிலே, ஈனா டி சில்வா என்ற அம்மையார் துணியின்மீது வேறொரு வரலாற்றை எழுதினார். 1922இற் பிறந்த அவர், 1960களில் கொழும்பிலே பத்திக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் கூரையை அலங்கரித்தவை அவருடைய பத்திக் துணிகளே. 1980களில் தம் முன்னோரின் ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் கைத்தையலும் பயிற்றி, அவர்கள் கையாலேயே உழைத்துப் பொருள் ஈட்ட வழி செய்தார். 2015இல் மறையும் வரை அவர் காட்டிய பாடம் ஒன்றுதான்: சாதாரணப் பருத்தித் துணி, தேர்ந்த கையிற் பட்டால், மாளிகைக்கும் உரிய பொருளாகும்.

பத்திக்கின் செய்முறையை வாசகர்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். பரபின் மெழுகையும் தேன் மெழுகையும் கலந்து உருக்க வேண்டும். பரபின் தனித்து நின்றால் எளிதில் வெடிக்கும். தேன் மெழுகு வளைந்து கொடுக்கும். மெழுகுப் பாத்திரத்தை நேரே நெருப்பில் வைத்தல் ஆபத்து. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குக. சூடு போதாத மெழுகு துணியின் மேல் வெள்ளையாக உறைந்து நிற்கும். அடியிற் சாயம் புகுந்துவிடும். சரியான சூட்டில் இட்ட மெழுகு துணிக்குள் ஊறி, எண்ணெய் பட்ட கடதாசி போல ஒளி ஊடுருவத் தோன்றும். மெழுகு இருக்கும் இடத்திற் சாயம் ஏறாது. இதுவே கலையின் இரகசியம். சாயம் குளிர்ந்த நீரில் இடுவதாக இருத்தல் வேண்டும். சுடுநீரானால் மெழுகு உருகிவிடுமன்றோ? உப்பு, சாயம் துணிக்குள் செல்ல உதவும். சலவைச் சோடா, சாயத்தைப் பருத்தி இழையோடு பிணைக்கும். சாயம் ஊறி உலர்ந்தபின், துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கிவிடலாம். மஞ்சளாற் சாயமிட விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: முதல் நாள் பொன்போல் ஒளிரும், வெயிலில் நிறுத்தினால் விரைவில் வெளுத்துவிடும்.

மெழுகு ஊற்றும் சிறு செப்புக் கரண்டியைத் தாயின் கையிற் கொடுத்தோம். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க டீச்சர்" என்று அவர் பின்வாங்கினார். "மாவுக்குப் பதில் மெழுகு, வாசலுக்குப் பதில் துணி, வேறொன்றுமில்லை" என்றேன். முழங்கால் மடித்து அமர்ந்தார். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் இடைப்புள்ளிக் கோலம். தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த அந்த விரல்கள், முதற் கோலத்திலே சிறிது நடுங்கின. ஒரு துளி மெழுகு வேறிடத்தில் விழுந்துவிட்டது. அவருடைய முகம் வாடிற்று. வாசலிற் பிழைத்தால் துடைத்துவிட்டு மீண்டும் போடலாம். மெழுகு விழுந்தால் விழுந்ததுதான். சற்று யோசித்தவர், அந்தத் துளியைச் சுற்றி ஐந்து இதழ் வைத்து ஒரு சிறு பூவாக்கிவிட்டார். பிறகு அவருடைய கை நிற்கவேயில்லை. மதியத்துக்குள் ஆறு கோலங்கள் முடிந்தன. கருநீலச் சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி எடுத்தபோது, இரவு வானத்தில் எழுதியதுபோலச் சந்தன நிறக் கோலங்கள் ஒளிர்ந்தன. மகள் அந்தத் துணியைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித் தையல். சட்டையின் கீழ்ச் சுற்றளவு 66 அங்குலம். கவுணுக்கு அது போதாது; நடந்தால் விரிய வேண்டும். முழு வட்டமாக வெட்டுவதென்றால் மிக அகலமான துணி வேண்டும். எளிய வழி, முக்கோணத் துண்டுகளை இடையிடையே செருகுதல். தாயின் கலியாணப் பட்டுப் புடைவை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டிக்குள் மடித்தபடியே இருந்ததனால், மடிப்புகளில் இற்றுப் போயிருந்தது. (பட்டு வைத்திருக்கும் தாய்மார்கள், சில மாதங்களுக்கொருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.) மடிப்புக்கு இடைப்பட்ட பகுதிகளும் சரிகைக் கரையும் பழுதின்றி இருந்தன. அந்த அரக்குப் பட்டில், அடியில் 12 அங்குலமும் உயரத்தில் 20 அங்குலமுமாக ஆறு முக்கோணங்கள் வெட்டினோம்; தையலுக்கும் மடிப்புக்கும் உரிய துணியைப் புறம்பாக விட்டோம். முக்கோணங்களைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கி வெட்டினால் துணி வீணாகாது. மெலிந்த பட்டுக்குப் பின்புறம் பருத்தித் துணி வைத்துத் தைத்தோம். இரண்டு பக்கத் தையல்களிலும், புதிதாகக் கீறிய நான்கு இடங்களிலும் அவற்றைப் பொருத்தினோம். கீழ்ச் சுற்றளவு 138 அங்குலமாயிற்று. நிற்கும்போது நீலம், நடக்கும்போது கோலங்களுக்கிடையே அரக்குப் பட்டு தோன்றித் தோன்றி மறையும்.

இடுப்பிலே பிடிப்புத் தையலிட்டு உடலுக்கேற்பக் குறுக்கினோம். சரிகைக் கரை கழுத்துக்கும் கைக்கும் சென்றது. ஓரம் மடிக்குமுன் ஒரு பகலும் ஓர் இரவும் கவுணைத் தொங்கவிட்டோம். சாய்வாக வெட்டிய துணி தன் பாரத்தினால் சிறிது இறங்கும். இறங்கியபின் மடித்தால்தான் ஓரம் ஒரே மட்டமாக நிற்கும். சட்டை 1,200 ரூபா. சாயம், மெழுகு, நூல், உள்துணி எல்லாம் 900 ரூபா. மொத்தம் 2,100 ரூபாவும் நான்கு வார விடுமுறை நாட்களும் செலவாயின.

இவ்வாறு பழையதைப் புதுக்குதல் இல்லாதவர் செய்யும் காரியம் என்று சிலர் எண்ணலாம். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்கள் வீதியுலா வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேர்களிலே தொங்கும் தொம்பைகளைக் கிட்ட நின்று பாருங்கள். பல வண்ணத் துணித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த ஒட்டு வேலை அது. அம்பாளின் தேருக்கே ஒட்டுத் துணி அழகானால், நமக்கு அதில் என்ன குறை? வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டு ஆக்கும் காந்தா விரிப்புகளை இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளிற் காண்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் இங்கிலாந்திலே துணி பங்கீட்டு முறைக்கு வந்தது. பழைய உடையைத் திருத்தி உடுத்தும் வழிகளை அரசாங்கமே 1943இல் சிறு நூலாக வெளியிட்டது. 1947இல் மணமகளான இளவரசி எலிசபெத்தும் தம் மணவாடைக்குப் பங்கீட்டுச் சீட்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில், கூட்டுறவுக் கடை வரிசையில் நின்று துணி வாங்கிய கதையை எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாவாடை தாவணியாகி, தாவணி தலையணை உறையாகி, உறை கைப்பிடித் துணியாகும் வரை அவர்கள் எதையும் வீசவில்லை.

பிரியாவிடை மாலை வந்தது. மண்டப வாயிலில் நின்றிருந்தேன். அவள் வந்தாள். ஒரு கணம் வாயிலில் தயங்கினாள். உள்ளே பளபளக்கும் பல கவுண்கள். ஒரே கடையில் எடுத்தவையாதலால் ஒரே சாயலில் இருந்தன. தோழிகள் இருவர் அவளிடம் ஓடி வந்தனர்.

"இது எந்தக் கடையில் எடுத்தது? எங்களுக்குச் சொல்லவேயில்லையே!"

ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமோ என்று நான் அருகே சென்றேன். தேவைப்படவில்லை. "கடையில் இல்லை. அக்கா வாங்கிய சட்டை. அம்மாவின் கலியாணப் புடைவை. கோலமும் அம்மா போட்டது. இதோ, இந்தப் பூ மட்டும் பிழைத்துப் போனதால் வந்தது" என்று குனிந்து காட்டினாள். அவளுடைய குரலில் பெருமையுமில்லை, கூச்சமுமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் குரல்.

கதை இங்கே இனிதாக முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் என் மனம் அதற்கு ஒப்பவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா இருந்தாள். கோலமிடும் தாய் இருந்தாள். உதவிக்கு ஒரு தையலாசிரியை கிடைத்தார். எவருமில்லாத பிள்ளை என்ன செய்யும்? "கெட்டித்தனமாகத் தைத்துக்கொள்" என்று வறியவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு, ஆடம்பரத்தை அப்படியே விட்டுவிடுதல் நீதியாகாது. தையல் கற்பிப்பதோடு, தைக்க இயலாதவரும் தலை நிமிர்ந்து வரும்படி விழாவின் வழக்கத்தையும் மாற்ற வேண்டும். ஆசிரியர் கூட்டத்திலே இதைச் சொன்னேன். அடுத்த ஆண்டு முதல் வாடகை உடை வேண்டாம். வீட்டில் உள்ளதோ கையாற் செய்ததோ போதும். விரும்பியவர் சீருடையிலேயே வரலாம் என்று கேட்டேன். சிலர் ஏற்றனர், சிலர், "பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கலாமா?" என்றனர். பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை விழாவுக்கு உடை கேட்கும்போது, கடைக்குப் புறப்படுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதே வேளையில், அவளுடைய வகுப்பில் எந்தப் பிள்ளை வர இயலாதிருக்கிறாள் என்பதையும் கேளுங்கள். அந்த வினாவைத் தாய்மார் கேட்கத் தொடங்கினால் ஆசிரியர் கூட்டத்திலும் பேச்சு விரைவில் முடிந்துவிடும்.

என் அலமாரியில் இருக்கும் பரிசுப் புத்தகத்துக்குச் சென்ற வாரம் புதிய உறை இட்டேன். அதற்குரியவளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேலாகியிருக்கும். அவளுக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். இந்தப் பத்தி என்றேனும் அவள் கண்ணிற் படுமானால், எந்த உடையிலும் வரலாம், அம்மா. புத்தகம் பத்திரமாக இருக்கிறது.